தேரிக்காட்டில் ஒரு ஞாயிறு

திருநெல்வேலிக்குப் போய் வந்தேன் என்று ஒருவர் சொன்னால், கேட்பவருடைய கண் முதலில் அவர் கைப்பையின் மீது பாய்வது இயல்பு. அல்வா இருக்கிறதா, இல்லையா என்பதே அங்கே முக்கியமான விஷயம். இந்த முறை நான் அல்வா வாங்காமலே திரும்பி விட்டேன். அதற்காக வீட்டில் பட்ட பாட்டை இங்கே விவரிக்கப் போவதில்லை. அல்வாவுக்குப் பதிலாக, தேரிக்காட்டுக் கிழவி ஒருத்தி கேட்ட ஒரு சிறு கேள்வியைச் சுமந்து வந்தேன். அது இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை. அதை நேயர்களோடு பங்கிட்டுக் கொள்ளவே இதை எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் எனக்குப் பால்ய சிநேகிதர் ஒருவர் உண்டு. பள்ளிக்கூட ஆசிரியர், கிறிஸ்தவர், பதினைந்து வருஷங்களாக ஆலயப் பாடகர் குழு ஒன்றை நடத்தி வருபவர். நானோ சைவக் குடும்பத்தில் பிறந்தவன். நெல்லையப்பர் சந்நிதியில் ஓதுவார் பாடக் கேட்டு வளர்ந்தவன். சமயம் எங்களைப் பிரித்ததில்லை. சங்கீதம்தான் சில சமயங்களில் பிரித்ததுண்டு. அவர் நான்கு குரல் இசையின் பக்தர். எனக்கு ஒரு சுருதியும் ஒரு குரலும் போதும்.

ஐப்பசி மாதத்தில் அவரிடமிருந்து செய்தி வந்தது. "தை பிறந்ததும் எங்கள் குழு யாழ்ப்பாணம் போகிறது. அங்குள்ள சபைகளில் பாடி ஊழியம் செய்யப் போகிறோம். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேரிக்காட்டில் ஒரு கிராமத்திலே பாடிப் பார்க்கலாமென்று எண்ணம். நீயும் வா. குறை சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டாமா?" என்று கேட்டிருந்தார். குறை சொல்லும் உத்தியோகம் எனக்கு மிகவும் பிடித்தமானது. உடனே புறப்பட்டேன்.

ஆற்றைக் கடந்து

சனிக்கிழமை காலை ரயிலை விட்டு இறங்கியதும் நான் செய்த முதற்காரியம் சுலோசன முதலியார் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்ததுதான். திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் இந்தப் பாலம் 1843-ல் எழுந்தது. சர்க்கார் உத்தியோகத்தில் இருந்த ஒரு தமிழர் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுக் கட்டியது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிற வரையில் ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடும் தாமிரபரணி, பிறப்பதும் முடிவதும் தமிழ்நாட்டுக்குள்ளேயேதான். இருகரையிலும் நெல்லும் வாழையும் செழிக்கின்றன. அவற்றுக்குச் சற்றும் குறையாமல் பாட்டும் செழித்திருக்கிறது. நம்மாழ்வார் அவதரித்த ஆழ்வார்திருநகரி இந்த நதிக்கரையில்தான் இருக்கிறது. நெல்லையப்பர் கோயிலில் கல்தூணே ஸ்வரம் பேசுகிறது.

இந்தப் பாட்டு மண்ணிலிருந்துதான் தமிழ்க் கிறிஸ்தவப் பாட்டும் முளைத்தது என்பதை நம்மில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. கிறிஸ்தவக் கீர்த்தனைகளின் பிதாமகர் என்று சொல்லத்தக்க வேதநாயகம் சாஸ்திரியார் 1774-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். ஸ்வார்ட்ஸ் பாதிரியாரோடு சிறு வயதில் தஞ்சைக்குப் போனவர். சரபோஜி மன்னரின் அபிமானத்தைப் பெற்றவர். 'பெத்லகேம் குறவஞ்சி' இயற்றியவர். 'இரட்சணிய யாத்திரிகம்' பாடிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை நெல்லைச் சீமையில் கரையிருப்பிலே வைணவக் குடும்பத்தில் தோன்றியவர். 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரும் இசை நூலை 1917-ல் வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் தென்காசிப் பக்கத்துச் சாம்பவர் வடகரையில் பிறந்தவர். அவரும் கிறிஸ்தவக் கீர்த்தனங்கள் செய்தவரே.

மாலையில் நண்பர் என்னைப் பாளையங்கோட்டைக் கோட்டைப் பக்கத்திலிருந்த பழைய ஆலயத்துக்கு அழைத்துச் சென்றார். கிளாரிந்தா என்ற மராட்டியப் பிராமண விதவையின் நினைவாக நிற்பது அது. உடன்கட்டை ஏறவிருந்த அவளை ஓர் ஆங்கிலேய ராணுவ அதிகாரி காப்பாற்றினார் என்பது வழங்கி வரும் வரலாறு. அவள் அவரோடு விவாகமின்றி வாழ்ந்ததால் ஸ்வார்ட்ஸ் பாதிரியார் முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்து விட்டார். அதிகாரி இறந்த பிறகு, 1778-ல்தான் கொடுத்தார். 1780-ல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் மொத்தம் 40 பெயர்கள். அவற்றில் முதற்பெயர் கிளாரிந்தா. அவள் முயன்று கட்டிய ஆலயத்தை 1785-ல் அதே ஸ்வார்ட்ஸ் பிரதிஷ்டை செய்து வைத்தார். தன்னைத் திருப்பி அனுப்பிய வாசலுக்கே மறுபடியும் சென்று நின்ற அந்தப் பெண்மணியின் பொறுமையை நினைத்துக் கொண்டே உறங்கப் போனேன்.

செம்மணல் நாட்டில்

ஞாயிற்றுக்கிழமை கருக்கலிலேயே வேன் புறப்பட்டது. குழுவில் இருபது பேர். பெரும்பாலும் கல்லூரி மாணவரும் மாணவிகளும். எல்லாரும் வெள்ளை உடுப்பு. ஒரு மின்சார வாத்தியப்பெட்டி, இரண்டு ஒலிபெருக்கி, கட்டுக்கட்டாக ஸ்வரத்தாள்கள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே நண்பர் தாளத்துக்குக் கையசைத்துப் பயிற்சி நடத்தினார். பெண் குரல் இரண்டு வகை, ஆண் குரல் இரண்டு வகை. நான்கும் நான்கு வழியாகப் போய்க் கடைசியில் ஓரிடத்தில் சந்தித்தன. குறை சொல்ல வந்த எனக்கு உண்மையிலேயே குறை அகப்படவில்லை. நெய்த பட்டு மாதிரி இருந்தது அந்தப் பாட்டு.

ஸ்ரீவைகுண்டம் தாண்டும் வரையில் ஜன்னலுக்கு வெளியே பச்சை வயல். ஆழ்வார்திருநகரி கடந்து தெற்கே திரும்பினால் நாசரேத். அதற்கப்பால் பூமியின் நிறமே மாறி விடுகிறது. எங்கே பார்த்தாலும் குங்குமத்தைக் கொட்டினாற் போலச் செம்மணல். அதில் பனை, பனை, பனை. இதுதான் தேரி. நதி நீர் எட்டாத நாடு. பனையைத் தவிர வேறு துணையில்லாமல் தலைமுறை தலைமுறையாக இங்கே ஜனங்கள் வாழ்ந்தார்கள். விடியுமுன் ஏறி, அந்தியில் மறுபடியும் ஏறி, பதநீர் இறக்கி, கருப்பட்டி காய்ச்சி, ஓலை முடைந்து வயிறு வளர்த்தவர்கள். உழைப்பில் இவர்களுக்கு இணை கிடையாது. ஆயினும் நம்மவர் கட்டிய கோயில்களின் வாசற்படியில் கால் வைக்க இவர்களுக்கு உரிமையில்லாதிருந்தது. இந்த நாட்டில் கிறிஸ்தவம் ஏன் வேரூன்றியது என்று ஆராய்கிறவர்கள், பாதிரிமார்களின் சாமர்த்தியத்தை அளப்பதற்கு முன்னால் அந்த வாசற்படியை ஒரு முறை பார்த்துவிட்டு வர வேண்டும். நான் அந்த வாசலுக்கு உள்ளே பிறந்தவன். ஆகையால் இதைச் சொல்லக் கடமைப்பட்டவன்.

மத மாற்றத்தினால் துன்புறுத்தப்பட்ட குடும்பங்களுக்காக 1799-ல் தனியே நிலம் வாங்கி ஏற்படுத்திய ஊர் முதலூர். பெயரே அதன் கதையைச் சொல்கிறது. இடையன்குடியில் கால்டுவெல் ஆண்டுக் கணக்கில் கட்டிய ஆலயம் 1880-ல்தான் முடிந்தது. அவரும் அதனுள்ளேயே அடக்கமாகி இருக்கிறார். மெஞ்ஞானபுரத்து ஆலயத்தின் ஊசிக் கோபுரம் ஏறக்குறைய 190 அடி உயரம். பனங்காட்டுக்கு மேலே அது தலை தூக்கி நிற்பதைக் கண்டதும் வண்டியிலிருந்த பிள்ளைகள் பாட்டை நிறுத்திவிட்டுக் கை காட்டினார்கள்.

"அதோ அந்தப் பக்கந்தான் வெள்ளாளன்விளை" என்றார் நண்பர். "அசரியா பிறந்த ஊர். யாழ்ப்பாணம் போகுமுன் இவர்களுக்கு அவர் கதையைச் சொல்ல வேண்டும்" என்று ஆரம்பித்தார்.

1902-ல் ஒரு கடற்பயணம்

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-ல் அந்தச் சிற்றூரில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தார். தந்தையை இளமையிலேயே இழந்தார். மெஞ்ஞானபுரத்திலும் பாளையங்கோட்டையிலும் படித்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். ஆனால் பட்டம் பெறாமலே வெளிவந்தார். கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் காரியதரிசியாக ஊர் ஊராகச் சுற்றிப் பேசிக்கொண்டிருந்தார். 1902-ல், இருபத்தெட்டாம் வயதில், அந்த வேலையாகவே யாழ்ப்பாணம் சென்றார்.

போனது பேசுவதற்கு, போதிப்பதற்கு. ஆனால் அங்கே ஓர் அதிசயத்தைக் கண்டார். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள், அதிலும் மாணவர்கள், தங்கள் கைப்பணத்தைச் சேர்த்து, கடல் கடந்து நம் தமிழ்நாட்டுக் கரைக்கே ஊழியரை அனுப்பிப் போஷித்துக் கொண்டிருந்தார்கள்! எண்ணிக்கையில் பன்மடங்கு பெரியது திருநெல்வேலிச் சபை. நூறு வருஷத்துக்கு மேலான பழமை உடையது. பள்ளிகளும் கோபுரங்களும் நிறைந்தது. அதுவோ இன்னும் அயல்நாட்டுப் பணத்தையும் அயல்நாட்டுப் பாதிரிகளையுமே எதிர்பார்த்துக் கை நீட்டி நின்றது. அந்த எண்ணம் அவரைச் சுட்டது. கொடுக்கப் போனவர் வெட்கத்தைப் பெற்றுக்கொண்டு திரும்பினார்.

அந்த வெட்கம் வீண் போகவில்லை. 1903-ம் வருஷம் பிப்ரவரி 12-ந் தேதி பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் உதயமாயிற்று. இந்திய ஊழியர், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம்: இந்த மூன்றுமே அதன் மூலதனம். வீடுதோறும் பெண்கள் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடி எடுத்துத் தனியே வைக்கும் பிடியரிசிக் காணிக்கையும் இந்தச் சீமைச் சபைகளின் வழக்கம். நிஜாம் ராஜ்யத்தில் தோர்ணக்கல் என்ற இடத்துக்கு ஊழியர்கள் போனார்கள். தாமிரபரணித் தமிழர்கள் தெலுங்கு கற்றுக்கொண்டு தெலுங்கு ஏழைகளிடையே பணி செய்தார்கள். 1906-ல் இதே ஜில்லாவின் தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்ததை நாமெல்லாரும் அறிவோம். அதற்கு மூன்று வருஷம் முன்னதாக, பக்கத்துப் பாளையங்கோட்டையில் சுதேசி ஊழியமும் பாய் விரித்து விட்டது என்பதையும் அறிவது நல்லது.

1909-ல் அசரியாவே குருப்பட்டம் பெற்றுத் தோர்ணக்கலுக்குச் சென்றார். மறு வருஷம் எடின்பரோவில் கூடிய உலக மகாநாட்டில், வெள்ளைக்கார மிஷனெரிகள் இந்தியரிடம் தயவு காட்டினால் போதாது, சிநேகிதம் காட்ட வேண்டும் என்று முகத்துக்கு நேரே எடுத்துரைத்தார். 1912-ம் வருஷ முடிவில் கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். அவர் தோர்ணக்கலில் எழுப்பி 1939-ல் பிரதிஷ்டை செய்த ஆலயத்தில் கோயில் தூணும் மசூதிக் கும்மட்டமும் சிலுவையோடு சேர்ந்து நிற்கின்றன. மத மாற்றம் பற்றி அவருக்கும் மகாத்மா காந்திக்கும் கருத்து வேற்றுமை இருந்தது உண்மை. கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி வேண்டாமென்று அவர் நின்றதும் உண்மை. 1945-ம் வருஷம் ஜனவரி முதல் தேதி காலமானார். அவர் ஏற்படுத்திய சங்கம் இன்றும் நடைபெறுகிறது.

நண்பர் கதையை முடித்தபோது வண்டி ஓர் ஊருக்குள் நுழைந்தது. பிள்ளைகள் மௌனமாயிருந்தார்கள்.

கிழவியின் கேள்வி

ஓட்டுக் கூரை போட்ட சிறு ஆலயம். வாசலில் வேப்பமரம். கோயிற்பிள்ளை மணியடித்துக்கொண்டிருந்தார். உபதேசியார் ஓடி வந்து எல்லாருக்கும் கருப்பட்டிக் காபி கொடுக்கச் செய்தார். உள்ளே ஒரு பக்கம் ஆண்களும் மறு பக்கம் பெண்களுமாகப் பாயில் அமர்ந்திருந்தார்கள். சேகரத்து ஐயர் வேறோர் ஊரில் ஆராதனை முடித்துவிட்டு வருவதற்குச் சற்றுத் தாமதமாகும் என்றும், அதுவரையில் குழு பாடலாமென்றும் ஏற்பாடு.

குழு எழுந்து நின்றது. ஐந்து பாட்டுகள். அடடா, எப்படிப் பாடினார்கள்! ஓர் அபஸ்வரம் இல்லை. ஒரு தாளம் பிசகவில்லை. கடைசிப் பாட்டின் முடிவில் குரல்கள் மெல்லத் தேய்ந்து மறைந்தபோது வேப்பமரத்துக் காகம்கூடச் சும்மா இருந்தது. ஜனங்கள் மரியாதையாக, அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நண்பருடைய நெற்றியில் வியர்வை; முகத்தில் திருப்தி.

அப்போது முன் வரிசையிலிருந்த மூதாட்டி ஒருத்தி, எண்பது வயதுக்குக் குறையாது, கையூன்றி எழுந்தாள். காது வளர்ந்து தொங்கியது. மிகுந்த அன்போடு சொன்னாள்:

"வாத்தியாரையா, பிள்ளைக நல்லாப் பாடினாவ. கேக்க இதமா இருந்துது. இனி நாம கும்பிடுவமா?"

அதில் கேலி கிடையாது, குற்றச்சாட்டும் கிடையாது. விருந்தாளி கொண்டு வந்த பலகாரத்தைப் புகழ்ந்துவிட்டு, "இனிச் சாப்பிடலாமா?" என்று இலை போடும் வீட்டுக்காரியின் தொனிதான். ஆனால் நண்பரின் முகம் சுண்டி விட்டது. நான் தரையைப் பார்த்தேன்.

கிழவி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒரு கீர்த்தனையின் பல்லவியை எடுத்தாள். உடைந்த குரல். சுருதிப்பெட்டி இல்லை, புஸ்தகம் இல்லை. இரண்டாம் அடியில் பெண்கள் எல்லாரும் சேர்ந்தார்கள். மூன்றாம் அடியில் ஆண்கள். மெட்டு எங்கள் பக்கத்துக் காவடிச் சிந்துக்கும் தாலாட்டுக்கும் உறவு. சிலர் முந்தினார்கள், சிலர் பிந்தினார்கள். அதைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை. ஒவ்வொரு சரணம் முடிந்ததும் அவள் பாட்டை நிறுத்தி, ஒரு வீட்டின் பெயரைச் சொன்னாள். பட்டணத்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் மருமகள். வளைகுடா நாட்டில் வேலைக்குப் போய்க் கடுதாசி போடாத பேரன். பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்தவன். பெய்யாத மழை. ஒவ்வொரு பெயருக்கும் சபை முழுவதும் ஒரு முறை பெருமூச்சு விட்டது; பிறகு பல்லவி மறுபடியும் எழுந்தது. அடுத்தடுத்த சரணங்களில் வெள்ளை உடுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பெயர், அவர்கள் கடல் கடந்து போகும் பயணத்துக்கு ஒரு பெயர். இறுதியில், "கூட வந்திருக்கிற அசலூரு ஐயாவுக்கும்" என்றாள்.

எனக்கு அந்தச் சமயத்தில் நேர்ந்ததை மறைக்க விரும்பவில்லை. கண் நிறைந்து விட்டது. என் பாட்டனார் விடியற்காலையில் தேவாரம் பாடும்போது இதே உடைந்த குரலைக் கேட்டிருக்கிறேன். அவரும் பாடிக் காட்டினாரல்லர், முறையிட்டார். தெய்வத்தின் பெயர் வேறாயிருக்கலாம். கதவைத் தட்டும் கை ஒன்றுதான் என்று தோன்றியது.

பாட்டும் பந்தியும்

ஆராதனை முடிந்ததும் சபையார் அசனம் போட்டார்கள். எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தோம், சோறும் குழம்பும். வாசலில் காணிக்கைப் பொருள்களின் ஏலம் நடந்தது. நானும் உற்சாகத்தில் ஒரு பூசணிக்காயை ஏலத்தில் எடுத்து விட்டேன். சந்தை விலையைவிட மும்மடங்கு! அதைச் சென்னைக்கு எப்படிக் கொண்டு போவது என்று யோசிக்கவேயில்லை. பிறகு கிழவியிடமே கொடுத்து விட்டேன்.

வேப்பமரத்தடியில் நண்பர் தனியே உட்கார்ந்திருந்தார். அருகில் சென்றேன்.

"பதினைந்து வருஷமாகப் பாட்டு நடத்துகிறேன்" என்றார். "எண்ணுகிறேன், கையசைக்கிறேன், எவன் சுருதி தவறினான் என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். நான் கும்பிட்டு எத்தனை நாளாயிற்று? அம்மா போன அன்றைக்குப் பிறகு நினைவில்லை."

நான் குறை சொல்ல வந்தவன். ஆனால் அப்போது அவருக்காக வாதாடினேன். "அப்படிச் சொல்லாதே. இருபது இளம் பிள்ளைகள் ஆறு மாதம் உழைத்துப் பிசகில்லாமல் பாடுவதும் ஒரு காணிக்கைதான். அரைகுறையாகப் பாடுவதே பக்தி என்று ஆகிவிடாது" என்றேன். அவர் தலையசைத்தார், ஆயினும் சமாதானமடையவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்று சிறிது நேரம் கழித்துச் சொன்னார்: "அந்தக் கிழவி பாடியது போன்ற பாட்டு ஒரு காலத்தில் ஆலயத்திலிருந்தே வெளியேறியிருக்கும். 1820-களின் இறுதியில் தஞ்சாவூரில் புதிதாக வந்த மிஷனெரிகள் தமிழ்க் கீர்த்தனைகளை விலக்கப் பார்த்தார்கள். சாஸ்திரியார் எதிர்த்து எழுதினார்."

அது மெய்தான். அதோடு இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சாஸ்திரியார் அடுக்கிய குறைகளில், ஆலயத்தில் சாதி வேற்றுமையைக் கலைக்கிறார்களே என்ற குறையும் சேர்ந்திருந்தது. பாட்டில் அவர் சரி. பந்தியில் அவர் பிழை. சபைகளுக்குள் சாதி இன்றும் ஒழிந்து விட்டதாக நண்பரும் சொல்லவில்லை. கோயில்களுக்குள் ஒழிந்து விட்டதாக நானும் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் ஒரே இலைக் கட்டிலிருந்து இலை வாங்கி, யார் எவரென்று கேளாத வரிசையில் உண்டு எழுந்திருந்தோம். அன்றைக்கு அவ்வளவே எங்களால் முடிந்தது.

திரும்பும் வழியில்

சாயங்காலம் வண்டி புறப்பட்டபோது கிழவி ஓலைக் கொட்டானில் கருப்பட்டி கொண்டு வந்து கொடுத்தாள். "யாழ்ப்பாணத்து ஆட்களுக்குக் குடுங்க" என்றாள். அவள் தன் ஆயுளில் திருச்செந்தூருக்கு அப்பால் கடலைக் கண்டவளா என்பதே சந்தேகம். ஆனால் கடலுக்கு அக்கரையிலும் கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் நாக்கு இனிக்கும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

செம்மணல் மறைந்தது, மறுபடியும் வாழைத் தோட்டங்கள் வந்தன. வண்டிக்குள் ஒருவரும் ஸ்வரத்தாளைப் பிரிக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு மாணவி அந்தக் கீர்த்தனையின் பல்லவியை மெல்ல முணுமுணுத்தாள். ஒரு பையன் அதற்குக் கீழ்க்குரல் சேர்த்தான். நண்பர் கையசைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தாமும் பாடினார். அவர் சுருதி கொஞ்சம் விலகியிருந்தது. நான் குறை சொல்லவில்லை.

ஆற்றுப்பாலத்தை நெருங்கும்போது அவர் திரும்பி, பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார்: "யாழ்ப்பாணத்தில் முதல் நாள் நாம் பாட வேண்டாம். அவர்கள் பாடுவதைக் கேட்போம். இரண்டாம் நாள், அவர்கள் கேட்டால் பாடுவோம்."

கீழே தாமிரபரணி இருட்டில் ஓசையின்றி ஓடிக்கொண்டிருந்தது.